கொலம்பஸ் வரைக்கும் வருவேன்

எலிசா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"கொலம்பஸ் வரைக்கும் வருவேன். அதுக்குள்ள அது ஒரு தடவ வாலை ஆட்டிச்சுன்னாலும் அங்கயே இறங்கிடுவேன். யார் கார்லயாவது வீட்டுக்கு வந்துடுவேன். நீங்க திரும்பினதும் பேப்பர்ல விளம்பரம் குடுத்து அத வித்துடணும்."

'அது' என்று அவள் சொன்னது, சுகர் லேண்டில் அவர்கள் வீட்டு டிரைவ்வேயில் நின்றுகொண்டிருந்த டிராவல் டிரெய்லரை. இருபதடி நீளம். முன்பக்கம் ஒரு கட்டில், நடுவில் மேஜை, பின்கோடியில் அடுப்போடு ஒரு சின்னச் சமையலறை. எண்ணெய்க் கம்பெனியில் அவள் கணவன் சத்தியசீலனோடு வேலை பார்த்த ஒருவர் வேலை போய் ஒக்லஹோமாவுக்குத் திரும்பியபோது விற்றுவிட்டுப் போனது. சத்தியசீலனுக்கு அதன்மேல் தனிப் பிரியம். மாலையில் ஆபீஸ் விட்டு வந்ததும், சும்மா உள்ளே ஏறி மேஜையை மடக்கிக் கட்டிலாக்கிப் பார்ப்பான். பிறகு கட்டிலை மேஜையாக்கிவிட்டு இறங்கி வருவான். ஆனால் எலிசா ஏறாத டிரெய்லரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? தனியாகப் போய் எந்த ஏரிக்கரையில் உட்காருவான்?

எலிசாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருடம், 1985 தேங்க்ஸ்கிவிங் சமயம், தமிழ்ச் சபையார் ஆஸ்டினுக்கு அப்பால் ஒரு ஏரிக்கரையில் கேம்ப் போட்டார்கள். அறுபது பேருக்கு இட்லி போடுவது எலிசாவின் பொறுப்பு. அவளுடைய கோயம்புத்தூர் கல் கிரைண்டரையும், 220 வோல்ட்டில் ஓடும் அதன் மோட்டாருக்குத் தேவையான டிரான்ஸ்ஃபார்மரையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஃப்ரீவேயில் கொலம்பஸ் ஊர் வருவதற்கு முன்னால் ஒரு பெரிய லாரி அவர்களைத் தாண்டியது. அவ்வளவுதான். டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, முன்னால் இழுத்துக்கொண்டிருந்த சபர்பன் காரையும் சேர்த்து ஆட்டியது. வண்டி நின்றபோது எலிசாவின் கை கதவுப் பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தது; விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கேம்ப் போகாமல், உள்ரோடு வழியாக ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள். அறுபது பேரும் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டார்கள் என்பது எலிசாவின் காதுக்குப் பல வழிகளில் வந்தது.

எனவே இந்த வருடக் கேம்ப்புக்குப் போக, டிரெய்லரைக் காரோடு மாட்டச் சத்தியசீலன் ஒரு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வாங்கினான். பெயர்தான் பெரிது. விஷயம் எளிது.

பந்திக்கு ஒரு பெரிய சாம்பார் அண்டாவை மூன்று பேர் வரிசையாகச் சேர்ந்து தூக்கிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் வழி பார்க்க வேண்டியவர். ஆனால் பாரம் முழுவதும் நடுவில் இருப்பவர் தலையில் விழுந்தால், அவர் முதுகு வளைந்துபோகும்; முன்னால் இருப்பவருக்குக் கையில் பிடியே இருக்காது. காரும் டிரெய்லரும் அப்படித்தான். டிரெய்லரின் மூக்கு, காருக்குப் பின்னால் நீட்டியிருக்கும் ஓர் இரும்புக் குண்டின்மேல் கவிழ்ந்து உட்காருகிறது. அந்தப் பாரம் காரின் வாலை அழுத்த, வால் தாழ்கிறது. பின்சக்கரத்தை நடுவாக வைத்து சீசா பலகை மாதிரி கார் சாய, முன்பக்கம் மேலே எழும்புகிறது. திசை திருப்புவது முன்சக்கரங்கள்தான். அவை தரையைச் சரியாக மிதிக்காவிட்டால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்குமா?

புது ஹிட்சில் இரண்டு நீண்ட ஸ்பிரிங் கம்பிகள் உண்டு. ஒரு முனை குண்டுக்கு அடியில் செருகியிருக்கும். மறுமுனையைச் சங்கிலியால் டிரெய்லரின் சட்டத்தோடு மேல்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். தள்ளுவண்டியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும்? பாரம் முன்சக்கரத்துக்குப் போகும். அதே வேலையைத்தான் இந்தக் கம்பிகள் செய்கின்றன. காரின் வாலைத் தூக்கி, பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரங்களுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. மூன்று பேரும் சமமாகத் தூக்குகிறார்கள். சாம்பார் சிந்தாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டுச் சத்தியசீலன் வேலையில் இறங்கினான். பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கன் தம்முடைய மடக்கு நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து புல்தரையில் போட்டு உட்கார்ந்தார். கெமிக்கல் பிளான்ட் ஒன்றில் பாய்லர் என்ஜினியர். அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்ப்பதென்றால் அவருக்குப் பசி தெரியாது.

"ஓய் சீலன், போன வருஷம் வண்டி ஜம்முனு லெவலாத்தானே நின்னுது? நானே பாத்தேனே. எதுக்குய்யா இத்தனை இரும்பு?"

"அதான் சார் புரியல. லெவலா நின்னும் ஆட்டிடுச்சு."

ஹிட்சோடு வந்த புத்தகத்தில் முதல் வரியே, பயணத்துக்கு ஏற்றுகிறதையெல்லாம் ஏற்றிவிட்டுப் பிறகு அளவெடுக்கச் சொன்னது. காலி டிரெய்லருக்கு அளவெடுப்பது, சாப்பிடுவதற்கு முன்னால் பெல்ட்டுக்கு ஓட்டை போடுவது மாதிரி. ஆகவே முதலில் கிரைண்டர். அதைச் சத்தியசீலன் ஒரு பக்கமும் கஸ்தூரிரங்கன் ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு, பின்கோடிச் சமையலறையை நோக்கி நடந்தார்கள்.

வாசலில் நின்ற எலிசா கேட்டாள். "அங்க எதுக்குக் கொண்டு போறீங்க? முன்னாடிதான் அவ்ளோ எடம் கெடக்குதே?"

"போன வருஷமும் பின்னாடிதானே வெச்சேன். மொதல்ல முன்னாடி வெச்சுப் பாத்தேன், சபர்பன் வால் தொங்கிப் போச்சு. அப்புறம் பின்னாடி தள்ளி வெச்சேனா, வால் மேல வந்துடுச்சு. லெவலாவும்..."

பாதியில் நிறுத்தினான். வாய் திறந்தபடி இருந்தது.

"ஓய்! யோசிக்கறதா இருந்தா கீழ வெச்சுட்டு யோசியும்! என் இடுப்பு போறது!"

கிரைண்டர் கீழே இறங்கியது. சத்தியசீலன் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் காகித ராக்கெட் விட்டவர்களுக்கு இது தெரியும். மூக்கில் ஒரு குண்டூசி குத்தினால் ராக்கெட் நேராகப் போகும். அதே குண்டூசியை வாலில் குத்தினால் குட்டிக்கரணம் போடும். டிரெய்லருக்கும் பாரம் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மூக்கு அழுத்த வேண்டும். போன வருடம் அவன் செய்தது, காரின் வால் தொங்குகிறதே என்று டிரெய்லரின் வாலில் கல்லைக் கட்டியது. பார்ப்பதற்கு அழகாக நின்றது. லாரிக் காற்று ஒரு தட்டுத் தட்டியதும் அந்தக் கல் வாலை ஆட்டிவிட்டது.

"அப்போ என்னைய பயமுறுத்தினது என் கிரைண்டர்தானா?" என்றாள் எலிசா.

"கிரைண்டர் மேல தப்பு இல்ல. அத வெச்ச ஆள்மேல."

"அத நான் சொல்ல வேண்டாம்னு பாத்தேன்."

கிரைண்டர் முன்கட்டிலுக்கு அடியில் போய் இறுக்கமாக உட்கார்ந்தது. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர், உளுந்து, பாத்திரங்கள். அடுத்து மூக்கு எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும். எலிசா ஏறி எடை பார்க்கிற பாத்ரூம் ஸ்கேலைச் சத்தியசீலன் எடுத்து வந்தான்.

"அது தாங்குமா? போன வாரம்தான் வாங்கினேன்."

"நேரா வெச்சா தாங்காது. அதுக்கு ஒரு வழி இருக்கு."

ஒரு கெட்டிப் பலகை. ஒரு முனைக்கு அடியில் செங்கல்மேல் ஒரு குழாய்த் துண்டு. மறுமுனைக்கு அடியில் ஸ்கேல். டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் ஜாக்கைப் பலகையில், குழாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இறக்கினால், பாரத்தில் இரண்டு பங்கைச் செங்கல் வாங்கிக்கொள்ளும். ஸ்கேலுக்கு ஒரு பங்குதான். அது காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டியதுதான். ஸ்கேலின் முள் நூற்று அறுபத்தைந்தில் நின்றது.

"நீ ஏறி நின்னா கொஞ்சம்தான் கம்மியா..." என்று சத்தியசீலன் தொடங்கினான்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல. நானூத்தித் தொண்ணூத்தஞ்சு பவுண்டு. ரொம்ப சரி."

இனி உயரம். எலிசா பிளவுஸ் தைக்க வைத்திருந்த இஞ்ச் டேப்பைக் கொண்டு வந்து, தானே குனிந்து அளந்தாள். சபர்பனின் முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு விளிம்பிலிருந்து தரை வரைக்கும் ஓர் அளவு, பின்சக்கரத்துக்கு ஓர் அளவு. டிரெய்லர் இல்லாமல் ஒருமுறை, மாட்டியபின் ஒருமுறை. கம்பிகள் இல்லாமல் மாட்டியபோது பின்பக்கம் மூன்று இஞ்ச் தாழ்ந்தது. முன்பக்கம் ஓர் இஞ்ச் எழும்பியது. சத்தியசீலன் கம்பிகளைச் செருகினான். அவற்றைக் கையால் மேலே இழுத்துக் கட்ட எந்தப் பயில்வானாலும் முடியாது. அதற்கும் ஒரு வழி உண்டு. மாட்டியபடியே ஜாக்கைச் சுழற்றி, டிரெய்லர் மூக்கையும் கார் வாலையும் சேர்த்து மேலே தூக்கிவிட்டால் கம்பிகள் தளர்ந்து தாமாகவே சட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சங்கிலியைச் சுலபமாக மாட்டிவிட்டு ஜாக்கை இறக்கினால், இறங்குகிற பாரமே கம்பிகளை வளைத்து இறுக்கிக்கொள்ளும்.

முதல் தடவை முன்பக்கம் இன்னும் அரை இஞ்ச் உயரமாகவே இருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி குறைத்து மாட்டியபோது, விளிம்பு பழைய இடத்துக்கே வந்து நின்றது. எலிசா அந்த உயரங்களைச் சிவப்பு நெயில் பாலிஷால் டேப்பிலேயே கோடு போட்டுக்கொண்டாள்.

"டேப்பை வீணாக்கறியே."

"இனிமே இது என் டேப் இல்ல. வண்டியோட டேப்."

அன்று மாலையே கேம்ப்பின் முதல் வேளைக்கு மாவு அரைத்து, பெரிய பாத்திரத்தில் மூடி, டிரெய்லரில் கட்டி வைத்தாள்.

மறுநாள் காலை வழியனுப்ப ஆட்கள் வந்தார்கள். நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யாரிடம் பெரிய வண்டி இருக்கிறதோ, அது எல்லாருக்கும் பொதுவான லாரி. கேம்ப்பில் சாப்பாட்டுப் பொறுப்பு ஐசக் அங்கிளுக்கு. அவர் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்தார்.

"சீலன் தம்பி, நாலே நாலு அரிசி மூட்ட. என் கார்ல பிள்ளைங்க உக்கார எடமில்ல. உங்ககிட்டதான் டிரெய்லரே இருக்கே!"

"அதுக்கென்ன அங்கிள், போடுங்க."

"இந்த மடக்கு மேஜை மூணும்?"

"நோ ப்ராப்ளம் அங்கிள்."

கஸ்தூரிரங்கனின் மனைவி ஷ்யாமளா, உங்கள் சர்ச்காரர்களுக்கு என்று ஒரு பெரிய ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்தாள். அதுவும் ஏறியது. டிரெய்லரின் பின்பக்கத்தில் வெளியிலிருந்தே திறக்கிற கதவு ஒன்று இருந்தது. தூக்கி வந்தவர்களுக்கு அதுதான் கைக்கு வசதி. எல்லாம் அதற்குள் போயின. ஒருவரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத சத்தியசீலன் சிரித்துக்கொண்டே நின்றான்.

கஸ்தூரிரங்கன் சபர்பனின் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். "உங்க ஜெபம் மேல, என் எலுமிச்சம்பழம் கீழ. ரெண்டும் சேந்து பாத்துக்கட்டும்." ஐசக் அங்கிள் ஜெபம் செய்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கஸ்தூரிரங்கன் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

வீட்டைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வெளியே வந்த எலிசா, காரில் ஏறாமல் டேப்போடு குனிந்தாள். முன்சக்கரம் பார்த்தாள். பின்சக்கரம் பார்த்தாள். திரும்பவும் பின்சக்கரம்.

"என்னங்க, பின்னாடி கோட்டுக்கு மேல ஒரு வெரல் ஏறி நிக்குது."

"நேத்தைக்கு விட நன்னா நிமிர்ந்துன்னா நிக்கறது!" என்றார் கஸ்தூரிரங்கன்.

"அதான் அண்ணா எனக்குப் பயமே. போன வருஷமும் இப்பிடித்தான் நிமிந்து நின்னுச்சு."

மறுபடி வீட்டைத் திறந்து உள்ளே போனாள். பாத்ரூம் ஸ்கேலோடு வெளியே வந்தாள்.

"ஏம்மா, கெளம்புற நேரத்துல யாருக்கு வெயிட் பாக்கப் போற?" என்றார் ஐசக் அங்கிள்.

"உங்க அரிசி மூட்டைக்கு அங்கிள்."

சத்தியசீலன் அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினான். "எலிசா, பெரியவர் முன்னாடி ஏத்தினத எறக்கினா நல்லாவா இருக்கும்? மெதுவா ஓட்டிக்கறேனே. நேத்துதான் புது ஹிட்ச் போட்டாச்சே."

"மூக்கே அழுத்தலன்னா உங்க ஹிட்ச் எதப் பிரிச்சுக் குடுக்கும்? நீங்கதானே நேத்து ராத்திரி வரைக்கும் சொல்லிட்டிருந்தீங்க? நான் கேட்டுட்டுதான் இருந்தேன்."

அவள் ஸ்கேலை அவன் கையில் கொடுத்துவிட்டு, காரின் கதவைத் திறக்காமல், அதன்மேல் சாய்ந்து நின்றாள். சத்தியசீலன் அவளைப் பார்த்தான். ஐசக் அங்கிளைப் பார்த்தான். கடைசியில் அங்கிள் பக்கம் திரும்பினான்.

"அங்கிள், மன்னிக்கணும். எல்லாத்தையும் எறக்கணும்."

அங்கிளின் முகம் சுருங்கியது. "பாரமா இருக்குன்னா சொல்லியிருக்கலாமே தம்பி. நான் வேற யார்கிட்டயாவது..."

"பாரம் இல்ல அங்கிள். வெச்ச எடம்தான் தப்பு. இங்க வாங்க, காட்டறேன்." சத்தியசீலன் ஒரு காகிதத்தை எடுத்து ராக்கெட் மடித்தான். குண்டூசி ஷ்யாமளாவின் புடவைத் தலைப்பிலிருந்து கிடைத்தது. மூக்கில் குத்தி ஒருமுறை விட்டான். வாலில் குத்தி ஒருமுறை விட்டான். இரண்டாவது தடவை ராக்கெட் கரணம் போட்டு அங்கிளின் மூக்குக் கண்ணாடியிலேயே மோதியது.

"ஓஹோ!" என்றார் அங்கிள். கோபம் போன இடம் தெரியவில்லை. "இன்னொரு தடவ விடுங்க."

பலகை போட இடம் வேண்டும் என்று டிரெய்லரைக் கழற்றி, சபர்பனைக் கால் அடி முன்னால் நகர்த்தினார்கள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

"கால் அடி போறதுக்கா ஓய் எலுமிச்சம்பழம் வெச்சேன்!" என்று கத்திக்கொண்டே கஸ்தூரிரங்கன் வேறு பழம் எடுக்க வீட்டுக்கு ஓடினார்.

ஸ்கேலின் முள் நூறைத் தொட்டதோடு சரி. மூன்றால் பெருக்கினால் முந்நூறு. நேற்று இருந்ததில் கிட்டத்தட்ட இருநூறு பவுண்டைக் காணோம். பத்தில் ஒரு பங்கு என்கிற கணக்குக்கு வெகு கீழே. மூட்டைகளையும் மேஜைகளையும் ஊறுகாயையும் எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றி, அச்சுக்கு முன்னால் தரையோடு அடுக்கினார்கள். அங்கிள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே இரண்டு மூட்டை தூக்கினார். இப்போது முள் இருநூறுக்குச் சற்று இந்தப் பக்கம் நின்றது. மூக்கு நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியதால், சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி குறைக்க வேண்டியிருந்தது. எலிசா குனிந்து அளந்தாள். முன்சக்கரத்தின் விளிம்பு சிவப்புக் கோட்டில் வந்து உட்கார்ந்தது.

காரின் கதவைத் திறந்து ஏறினாள்.

"கொலம்பஸ் வரைக்கும்" என்றாள்.

ஐசக் அங்கிளும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். ஃப்ரீவே ஏறியதும் இரண்டு பக்கமும் வெட்டவெளி, மாடுகள், தூரத்தில் ஒரு தண்ணீர் டேங்க். சத்தியசீலனின் கண் ரோட்டைவிடக் கண்ணாடியில்தான் அதிகம் இருந்தது. புரூக்‌ஷயர் தாண்டி முதல் பெரிய லாரி பின்னால் வந்தது. லாரி தாண்டும்போது முதலில் அதன் மூக்குக் காற்று டிரெய்லரின் வாலை வெளிப்பக்கம் தள்ளும். பிறகு அது முன்னேற முன்னேறத் தன் பக்கம் இழுக்கும். அந்தத் தள்ளலும் இழுப்பும்தான் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். லாரி வந்தது. காற்றுத் தட்டியது. டிரெய்லர் ஒரு தடவை தோளைக் குலுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல நேராக வந்துகொண்டிருந்தது.

"பாத்தியா?" என்று கத்தினான். "பாத்தியா எலிசா? அசையல!"

திரும்பிப் பார்த்தான். எலிசா கன்னத்தைக் கதவில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவுப் பிடியைப் பிடிக்கவேண்டிய கை மடியில், டேப்பின்மேல், விரிந்து கிடந்தது. நேற்று மாவரைத்து, விடிகாலை எழுந்து கட்டுச்சோறு கட்டியவள்.

சாட்சி இல்லாத வெற்றி அது. எழுப்பிக் காட்டலாமா என்று பார்த்தான். அடுத்த லாரி வந்தது. அதற்கடுத்து, ஜோடியாக இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மெதுவாக, தனக்குத்தானே "பாத்தியா" என்று சொல்லிக்கொண்டான். சீலி ஊரும் தாண்டியது. கொலம்பஸ் என்ற பச்சைப் பலகை வந்தது. பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தான்.

"எலிசா. கொலம்பஸ்."

"ம்?"

"இறங்கறியா?"

"எதுக்கு?" கண்ணைக் கசக்கினாள். சுற்றிலும் பார்த்தபின் ஞாபகம் வந்தது. "லாரி ஒண்ணுமே வரலியா?"

"எண்ண முடியாத அளவு வந்துச்சு. நீ குறட்ட விட்டுட்டிருந்த."

"நான் குறட்ட விடறதில்ல."

"அப்போ டிரெய்லர்தான் விட்டுச்சு போல."

இறங்கத்தான் செய்தாள், கையில் டேப்போடு. முன்சக்கரத்தருகே குனிந்தாள், பின்சக்கரத்தருகே குனிந்தாள். சங்கிலிகள் இரண்டையும் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு டிரெய்லருக்குள் ஏறி, மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. சத்தியசீலன் தீர்ப்புக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

எலிசா வெளியே தலையை நீட்டினாள்.

"ஓடிப் போய் ரெண்டு காபி வாங்கிட்டு வாங்க. மாவு மூடியத் தொட்டுடுச்சு. இங்கயே நின்னுட்டிருந்தா பொங்கி வழிஞ்சிடும்."

"அப்போ அந்தப் பேப்பர் விளம்பரம்?"

"எந்த விளம்பரம்?" என்றாள் எலிசா. "சர்க்கரை கம்மியா போடச் சொல்லுங்க."